வெளியூர்த் தங்கலில் பிரேக்குக் குழாய் ஒழுகினால்

(ஏழாயிரம்பண்ணைப் பகுதி விவசாயச் செய்முறை விளக்குநர் எழுதியது)

நமது கரிசல் காட்டுக் கிராமங்களில் மாட்டு வண்டி செய்துவந்த வேலையில் பெரும் பங்கைச் சிறு சரக்கு மோட்டார் வண்டிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பருத்தியும் மிளகாயும் மக்காச்சோளமும் சந்தைக்குச் செல்வதும், உரமும் விதையும் காட்டுக்கு வந்து சேர்வதும் பெரும்பாலும் இவற்றிலேதான். மாட்டு வண்டி ஓட்டிய நாளில், புறப்படுமுன் கடையாணியைத் தட்டிப் பாராத குடியானவர் ஒருவரும் இருந்ததில்லை. மோட்டார் வண்டிக்கும் அத்தகைய கடையாணி ஒன்று உண்டு. அது, எழுதுகோலினும் மெல்லியதாய், வண்டியின் அடியில் கண்ணுக்குத் தோன்றாமல் கிடக்கும் பிரேக்குக் குழாயேயாகும். அக்குழாய் ஊரில் ஒழுகினால் பட்டறைக்குச் சொல்லி அனுப்பலாம். வெளியூரில் தங்கியிருக்குங்கால் ஒழுகினால் என் செய்வது? எது செய்யத் தக்கது, எது தகாதது என்பதை, நேரிற்கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இங்கு விளக்க எண்ணுகிறேன்.

நேர்ந்த விதம்

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி ஆடி அமாவாசை. சதுரகிரி மலை ஏறும் அடியார்களுக்கு அன்னமிடும் பொருட்டு, நமது பக்கத்து விவசாயிகள் சிலர் இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டு, வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை அடிவாரத்தில் தங்கினர். மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஆதலின் காட்டுக்குள் செல்லாமல், உடையவரின் அனுமதி பெற்று, வெளியே ஒரு பட்டாத் தோப்பிலேயே கூடாரம் போட்டனர். அரிசி மூட்டைகள், அண்டாக்கள், விறகு, கூடாரத் துணி ஆகியவை ஒருவரது சரக்கு வண்டியில் வந்தன. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்தனர். விடுப்பிலிருந்த நானும் அவர்களுடன் சென்றிருந்தேன்.

அன்னதானம் நல்லபடி முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை காலை, சாமான்களை ஏற்றுவதற்காக வண்டியைத் திருப்பிய ஓட்டுநர், பிரேக்கு மிதி வழக்கத்துக்கு மாறாகப் பாதிக்கு மேல் இறங்குவதைக் கண்டார். எதிரே சிவப்பு விளக்கும் எரிந்தது. வண்டி இரவு நின்ற இடத்தில், பின் அச்சுக்குச் சற்று முன்னால், உள்ளங்கையகலம் மண் நனைந்திருந்தது.

ஓட்டுநர் அனுபவசாலி. பட்டறையில் சில ஆண்டுகள் வேலை செய்தவர். இருப்பினும் ஊர் திரும்பும் அவசரத்தில் அவர் சொன்னது இது: “அண்ணாச்சி, முன் சக்கரப் பிரேக்கு பிடிக்கிறது. பின் குழாயைக் குறட்டால் மடக்கி நசுக்கிவிட்டு, மெதுவாய்ப் போய்விடலாம்.” திருவிழாக் கூட்டத்தினால் பஸ்களில் இடமில்லையாதலால், பெண்களையும் பிள்ளைகளையும் வண்டியின் மேலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று வேறு சிலர் கூறினர். வண்டிக்குச் சொந்தக்காரருக்கும் அதில் அரை மனம் இருந்தது. அப்பொழுது அவருக்கு நான் எடுத்துச் சொன்னவற்றையே கீழே வரிசைப்படுத்துகிறேன்.

குழாயினுள் இருக்கும் அழுத்தம்

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். அந்த விதியைக் கொண்டு அமைந்த பிரேக்கு, பயணிகள் காரின் நான்கு சக்கரங்களுக்கும் 1921-இல் அமெரிக்காவின் டூசன்பர்க் வண்டியில் பொருத்தப்பட்டது. நமது சிறு சரக்கு வண்டிகளில் இன்றுள்ளதும் அவ்வகையே. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள தக்கை பிரேக்கு ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியே சென்று சக்கரத்திலுள்ள கட்டைகளை விரிக்கிறது, அல்லது தட்டைக் கவ்வச் செய்கிறது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கால் 20 கிலோ எடையளவு அழுத்துவதாகக் கொள்வோம். மிதியின் நெம்புகோல் அமைப்பு அதனை 5 மடங்காக்கினால் 100 கிலோ ஆகிறது. தக்கையின் குறுக்களவு 2 சென்டிமீட்டரானால் அதன் பரப்பு ஏறக்குறைய 3 சதுர சென்டிமீட்டர். எனவே குழாயினுள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 30 கிலோவுக்கு மேல் அழுத்தம் உண்டாகிறது. இன்ஜினின் வெற்றிடத்தால் துணைபுரியும் பூஸ்டர் உள்ள வண்டிகளில் இது இன்னும் பன்மடங்காகும். பாரமேற்றிய பெரிய லாரிச் சக்கரத்தின் காற்றழுத்தமோ 7 அல்லது 8 கிலோதான்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ரப்பர் நாடா, பிசின், சோப்பு, துணிக்கட்டு முதலிய எந்த ஒட்டும் மெதுவாக மிதிக்கும்போது தாங்குவதுபோல் தோன்றும். குறுக்கே குழந்தையோ மாடோ வந்து, முழுப் பலத்துடன் மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் குழாயில் அழுத்தம் உச்சத்தை எட்டும். அப்பொழுதுதான் ஒட்டும் பிய்த்துக்கொள்ளும். அதாவது, தேவையில்லாத வேளையில் எல்லாம் உதவிவிட்டு, தேவைப்படும் வேளையில் கைவிடுவதே ஒட்டுப்போட்ட பிரேக்கின் இயல்பு. குழாயை மடக்கி நசுக்குவதும் இதைப் போன்றதே. நசுக்கிய இடம் விரிசல் கண்டு மீண்டும் ஒழுகலாம். ஒழுகாவிடினும், பின் சக்கரங்கள் பிரேக்கின்றிப் போகும். நிற்க வேண்டிய தூரம் நீளும். முன் சக்கரப் பிரேக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறும்.

முன்னும் பின்னும் தனித்தனி வழியாக ஆயில் செல்லும் இரட்டை அமைப்பு இக்கால வண்டிகளில் இருப்பது உண்மையே. அஃது ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வழி கெட்டால் வண்டியை ஓரமாக நிறுத்துவதற்காக ஏற்பட்டதேயன்றி, கெட்டது தெரிந்த பின்னர் பயணம் தொடங்குவதற்காக ஏற்பட்டதன்று.

ஒழுகல் எங்கே என்று காணுதல்

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப் பிரேக்கு இழுத்து, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து. உறுதியான முட்டுக்கட்டை கொடுத்த பின்னரே நுழைதல் வேண்டும்.

பிறகு, சிந்தியிருப்பது பிரேக்கு ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். டீசல் அதன் வாடையாலும், இன்ஜின் ஆயில் கருநிறத்தாலும், கியர் ஆயில் அதன் தடிப்பாலும் கெட்ட வாடையாலும் தெரியும். பிரேக்கு ஆயில் மெல்லியது, வழவழப்பானது. புதியதாயின் நிறமற்றோ இளமஞ்சளாகவோ இருக்கும், பழையதாயின் பழுப்பேறியிருக்கும். தண்ணீரில் கரைந்துவிடும். மற்ற எண்ணெய்கள் தண்ணீரில் மிதக்கும். மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள கிண்ணத்தில் அளவு குறைந்திருப்பது இதனை உறுதிப்படுத்தும்.

அடுத்து, குழாய் நெடுகிலும் துணியால் துடைத்துவிட்டு, கீழே பழைய செய்தித்தாளை விரித்து, ஒருவர் மிதியை மெதுவாக அழுத்த மற்றொருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சக்கரத்தின் உட்பக்கம் நனைந்தால் வீல் சிலிண்டரில் பழுது. ரப்பர் ஹோஸ் வெடித்தோ உப்பியோ இருந்தால் பழுது அதில். இரும்புக் குழாயில் துருப்பொருக்கின் அடியில் கசிந்தால் குழாய் அரித்துப்போயிற்று. எங்கும் ஈரமின்றி மிதி மட்டும் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் தேய்ந்திருக்கலாம். இணைப்பு நட்டு மட்டும் தளர்ந்திருந்தால், அதற்கு இசைந்த ஸ்பானரால் அளவாக இறுக்கிப் பார்க்கலாம். பலங்கொண்டு முறுக்கினால் வாய் நசுங்கிக் கேடு அதிகமாகும்.

தாணிப்பாறையில் நாங்கள் கண்டது, குழாயைச் சட்டத்தோடு பிடித்திருந்த கிளிப்பின் அடியில் ஓர் ஊசித் துளை. கிளிப்பைக் கழற்றியபோது அதற்குள் வெண்மையான உப்புப் பொடி கட்டியாக உறைந்திருந்தது. முந்தின மாதம் அவ்வண்டி பொட்டாஷ் மூட்டைகள் ஏற்றியது. கிழிந்த சாக்கிலிருந்து சிந்திய உரம் பலகை இடுக்கு வழியே இறங்கி, கிளிப்பில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, இரும்பை அரித்துவிட்டது. பொட்டாஷிலுள்ள குளோரைடும், அமோனியம் சல்பேட்டும் இரும்புக்குப் பெரும் பகை. பயிருக்கு உணவாகும் உரமே வண்டிக்கு நஞ்சாயிற்று.

தங்கிய இடத்தில் செய்யத் தக்க பழுதுபார்ப்பு

செய்யத் தக்கது ஒன்றே: கெட்ட குழாயை முழுதும் நீக்கிப் புதுக் குழாய் பொருத்துதல். வேலை தெரிந்தவர் உடனிருந்தால் இதனைத் தோப்பிலேயே செய்யலாம். தெரிந்தவர் இல்லையேல் மெக்கானிக்கை அழைத்துவருதல் வேண்டும். நாங்கள் பின்பற்றிய முறை வருமாறு:

1. கழற்றுமுன் குழாயின் இரு முனைகளையும் சுற்றுப்புறத்தையும் மண் இன்றித் துடைத்தோம். நட்டின் ஆறு பக்கத்தையும் பிடிக்கும் ஸ்பானரால் கழற்றினோம். திறந்த முனைகளைச் சுத்தமான மூடிகளால் அடைத்தோம். ஒரு மணல் துகள் உள்ளே சென்றாலும் வாஷரைக் கீறிவிடும்.

2. கழற்றிய குழாயை ஓட்டுநர் கையோடு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றார். கடையில் வாயால் சொல்லி வாங்குவதைவிட மாதிரியைக் காட்டி வாங்குவதே சரி. குழாயின் பருமன், நீளம், நட்டின் மரை, முனை விரிந்திருக்கும் வடிவம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். பிரேக்குக்கென்று செய்த எஃகுக் குழாயே வேண்டும். சாதாரணச் செம்புக் குழாய் வளைக்க எளிதாயினும், வண்டியின் அதிர்ச்சியால் நாளடைவில் வெடிக்கும். நடுவில் வெட்டி ரப்பர்க் குழாய் செருகிக் கிளிப் போடுவது கூடவே கூடாது.

3. புதுக் குழாயைப் பழையதன் வளைவைப் பார்த்து, ஒடியாமல் வளைத்து, நட்டுகளை முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, பின்னரே ஸ்பானரால் இறுக்கினோம். குழாய் எதனோடும் உராயாதபடி கிளிப்புகளைத் திரும்பப் போட்டோம்.

4. கிண்ணத்தின் மூடியில் குறித்துள்ள வகை ஆயிலை, முத்திரை பிரிக்காத புது டப்பியாக வாங்கி ஊற்றினோம். டாட் 3, டாட் 4 என்பவை வழக்கத்திலுள்ள வகைகள். புதிய நிலையில் முன்னதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, பின்னதன் கொதிநிலை 230 டிகிரி சென்டிகிரேட். ஈரம் ஏறினால் இவை 140, 155 என்ற அளவுக்கு இறங்கிவிடலாம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால், திறந்து நாட்பட்ட டப்பி உதவாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ, தேங்காயெண்ணெயோ, சோப்புத் தண்ணீரோ ஊற்றலாகாது. ஆதிகாலத்துப் பிரேக்கு ஆயில்களில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது மெய்யே. ஆயினும் இக்கால ரப்பர் வாஷர்கள் வேறு. தவறான எண்ணெய் பட்டால் அவை உப்பி, பிரேக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.

5. பின்னர்க் காற்று எடுத்தோம். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவர். வண்டியின் கைப்புத்தகம் வேறு வரிசை கூறினால் அதுவே முறை. நிப்பிளில் கண்ணாடிக் குழாய்போல் தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஆயிலுள்ள பாட்டிலில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சற்றே திறந்து, குமிழி வெளிப்பட்டதும் மூடிவிட்டு, அதன் பிறகே மிதியை விடச் சொல்ல வேண்டும். குமிழி முற்றும் நிற்கும்வரை இப்படிச் செய்க. இடையில் கிண்ணம் வற்றினால் மீண்டும் காற்றுப் புகும். எனவே ஆயிலை விட்டுக்கொண்டே இருத்தல் அவசியம். சக்கரம் வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புள்ள வண்டிகளுக்குப் பட்டறைக் கருவி தேவைப்படலாம்.

6. இறுதியில் சோதனை. இன்ஜினை ஓடவிட்டு மிதியைப் பலமாக அழுத்தி ஒரு நிமிஷம் பிடித்தோம். மிதி இறங்கவில்லை, இணைப்புகளில் ஈரமில்லை, சிவப்பு விளக்கும் அணைந்தது. பிறகு ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். ஒரு பக்கமாக இழுக்காமல் வண்டி நேராக நின்றது.

இத்தனைக்கும் ஆன பொருட்செலவு ஒரு மூட்டைப் பொட்டாஷின் விலையளவுகூட இல்லை. நேரந்தான் மாலைவரை சென்றது. பெண்களும் பிள்ளைகளும் கூட்டம் சற்றுக் குறைந்த பிறகு பஸ்ஸில் ஊர் திரும்பினர். வண்டி வெளிச்சம் இருக்கும்போதே, சாமான்களுடன் மட்டும், நிதானமாக வந்து சேர்ந்தது. மறுநாள் பட்டறையில் மற்றக் குழாய்களையும் கழற்றிப் பார்த்தபோது, முன் சக்கரத்துக்குச் செல்லும் குழாயிலும் ஒரு கிளிப்பின் அடியில் துரு ஆழமாக இறங்கியிருந்தது. எந்த முன் பிரேக்கை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படலாமென்று இருந்தோமோ, அதுவும் அன்று நம்பத் தக்க நிலையில் இல்லை. அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்த சொந்தக்காரர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

செய்ய இயலாதபோது

குழாய் கிடைக்கவில்லை, வேலை தெரிந்தவரும் இல்லை என்றால் வண்டியை அங்கேயே விட்டுவருவதே அறிவுடைமை. சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் மீட்பு வண்டி, அல்லது மேலே ஏற்றிச் செல்லும் லாரியைக் கொண்டு பட்டறை சேர்க்கலாம். டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பது நம்மூர் வழக்கம். பிரேக்கில்லாத வண்டி முன்னால் செல்லும் டிராக்டரின்மேல் மோதும் என்பதை மறக்கலாகாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதி இறங்கிவிட்டால் பதற வேண்டாம். மிதியை விரைந்து பலமுறை அழுத்துக. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைத் தணிக்க. கைப் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க. ஒலி எழுப்பிக்கொண்டு ஓரமாக ஒதுங்குக. இன்ஜினை அணைப்பதும் நியூட்ரலில் விடுவதும் ஆபத்து.

வருமுன் காக்கும் வழிகள்

உரம் ஏற்றிய நாளன்றே வண்டியின் மேற்பலகையைப் பெருக்கி, அடிப்பாகத்தைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுக. மாதம் ஒருமுறை கிண்ணத்தின் அளவைப் பார்க்க. அளவு திடீரென்று குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாமல் காரணத்தைத் தேடுக. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிளிப்புகளைக் கழற்றிக் குழாயைத் துடைத்துப் பார்க்கச் செய்க. கைப்புத்தகம் வேறு கூறாவிடில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முற்றும் மாற்றுக.

பிரேக்கு ஆயில் விஷமாகும். அதனைத் தண்ணீர் பாட்டிலிலோ, பூச்சிமருந்து டப்பாவிலோ ஊற்றி வைக்கலாகாது. கண்ணிலோ தோலிலோ பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுக. பிளீச்சிங் பவுடர், வெடியுப்பு முதலியவற்றின் அருகில் அதனை வைத்தால் தீப்பற்ற இடமுண்டு. பழைய ஆயிலைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டாமல் பட்டறையில் சேர்ப்பிக்க.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

பிரேக்குப் பழுதான வண்டியைத் தெரிந்தே சாலையில் ஓட்டுவது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றமாகும். சரக்கு வண்டியில் பயணிகளை ஏற்றிச் செல்வதும் சட்டத்துக்கு மாறானது. ஆயினும் தண்டனைக்குப் பிந்திய பயத்தைவிட, புறப்படுமுன் சொல்லும் ஒரு சொல் மிகுந்த பயன் தரும். ஆடி மாதத்து அமாவாசைக்கும் கடைசி வெள்ளிக்கும் சதுரகிரிக்கும் இருக்கன்குடிக்கும் வண்டிகள் புறப்படுமுன், ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, ஊர்ப் பொது இடத்தில் ஒரு காலைப்பொழுது பிரேக்குகளைப் பார்வையிட ஏற்பாடு செய்வார்களானால், அதுவே பெரும் தர்மமாகும்.

தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் வட்டாரம் நம்முடையது. மருந்தோடு பழகுவோர்க்கு, “இந்த ஒருமுறை ஒன்றும் ஆகாது” என்னும் எண்ணமே விபத்தின் தொடக்கம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பிரேக்குக்கும் அது பொருந்தும். அரை நாள் தாமதம் ஒரு பொருட்டன்று. விவசாயிகள் அனைவரும் இன்றே தத்தம் வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பார்ப்பார்களாக.